மாற்றுத்திறனாளிகள் சட்டம் உருவான கதை: அரசு ஆவணங்கள் சொல்வது என்ன?

1990 ஜூலை 26ஆம் நாள், வாஷிங்டன் வெள்ளை மாளிகையின் தெற்குப் புல்வெளியில் ஏறக்குறைய 3,000 பேர் முன்னிலையில் அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வேலை, பேருந்து, கடை, உணவகம், அரசு அலுவலகம், தொலைபேசி என எதிலும் உடற்குறையைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று சொன்ன அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் அது. பின்னாளில் பல நாடுகள் தங்கள் சட்டங்களை எழுதும்போது இதை எடுத்துப் பார்த்தன.

சட்டத்தின் வாசகத்தை யாரும் படித்துவிடலாம். அந்த வாசகம் எப்படி வந்தது, எந்தச் சொல் எங்கே சேர்ந்தது, எது பேரத்தில் விடுபட்டது என்பதெல்லாம் வேறு இடத்தில் இருக்கின்றன. குழு அறிக்கைகள், விசாரணைப் பதிவுகள், அதிகாரிகளின் குறிப்புகள், பொதுமக்கள் கையால் எழுதிய கடிதங்கள் எனப் பெட்டி பெட்டியாக அவை காப்பகங்களில் அடுக்கப்பட்டுள்ளன. பழைய தாள்கள்தானே என்று அவற்றை ஒதுக்கிவிட முடியாது. சட்டம் வந்து பத்து ஆண்டுகள் கழிந்த பின்னும் நீதிமன்றத்தில் அதே தாள்கள் சிலருடைய உரிமையைப் பறிக்கவும், சிலருடைய உரிமையைக் காக்கவும் பயன்பட்டன.

எந்த ஆவணம் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் ஒரு சட்டத்தின் ஆவணங்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. நாடாளுமன்றத்தில் பேசப்பட்டவை அன்றாடப் பதிவேட்டில் அச்சாகின்றன. குழுக்களின் அறிக்கைகளும் சாட்சி விசாரணைகளும் தனி நூல்களாக வெளிவருகின்றன. அச்சில் வராத குழுக் கோப்புகள் வாஷிங்டனில் உள்ள தேசியக் காப்பகத்தின் சட்டமன்றப் பிரிவுக்குச் செல்கின்றன. பொதுவாகச் செனட் சபையின் கோப்புகள் 20 ஆண்டுகள் கழித்தும், பிரதிநிதிகள் சபையின் கோப்புகள் 30 ஆண்டுகள் கழித்தும் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்படுகின்றன.

அதிபர் அலுவலகத்தின் தாள்கள் வேறொரு வழியில் போகின்றன. 1978ஆம் ஆண்டின் அதிபர் ஆவணச் சட்டப்படி அவை அதிபரின் சொந்தச் சொத்து அல்ல, நாட்டின் சொத்து. பதவிக்காலம் முடிந்து 5 ஆண்டுகள் கழித்துப் பொதுமக்கள் அவற்றைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆலோசகர்கள் அதிபருக்குத் தந்த இரகசிய அறிவுரை போன்ற சில வகைகளை மட்டும் 12 ஆண்டுகள் வரை மூடி வைக்கலாம். மூத்த புஷ்ஷின் ஆவணங்கள் டெக்சஸ் மாநிலத்தின் காலேஜ் ஸ்டேஷன் நகரில் 1997இல் திறக்கப்பட்ட அவருடைய பெயரிலான நூலகத்தில் உள்ளன.

ஒரே வாக்கியத்தில் தொடங்கிய உரிமை

1964ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியுரிமைச் சட்டம் இனம், நிறம், சமயம், பால், பூர்வீக நாடு ஆகியவற்றின் பேரால் பாகுபாடு காட்டுவதைத் தடுத்தது. உடற்குறை அந்தப் பட்டியலில் இல்லை. அந்த இடைவெளியை முதலில் தொட்டது 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம். அதிபர் நிக்சன் செலவைக் காரணம் காட்டி இருமுறை நிராகரித்த பிறகே அது நிறைவேறியது. அதன் 504ஆம் பிரிவு ஒரே வாக்கியம்தான்: கூட்டரசுப் பணம் பெறும் எந்தத் திட்டத்திலும் மாற்றுத்திறனாளியை ஒதுக்கக் கூடாது.

அந்த வாக்கியத்தை எழுதியவர்கள் செனட் அலுவலகப் பணியாளர்கள். 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவை முன்மாதிரியாக வைத்து எழுதினார்கள். அதைப் பற்றி அவையில் பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை. அமலாக்க விதிமுறைகள் வெளிவராமல் நான்கு ஆண்டுகள் இழுபட்டன. 1977 ஏப்ரல் 5ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த கூட்டரசு அலுவலகக் கட்டடத்துக்குள் ஜூடித் ஹ்யூமன் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகள் நுழைந்து, வெளியேற மறுத்து அமர்ந்தனர். மூன்று வாரங்களுக்கு மேல் அந்தப் போராட்டம் நீடித்தது. ஏப்ரல் 28ஆம் நாள் அமைச்சர் ஜோசப் கலிஃபானோ விதிமுறைகளில் கையெழுத்திட்டார். விதிமுறை இல்லாத சட்டம் மேசை இழுப்பறையிலேயே கிடக்கும் என்பதற்கு அந்த நான்கு ஆண்டுகளே சாட்சி.

அறிக்கையிலிருந்து மசோதாவுக்கு

504ஆம் பிரிவு அரசுப் பணம் பெறும் இடங்களுக்கு மட்டுமே பொருந்தியது. தனியார் கடையோ தனியார் முதலாளியோ அதற்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். அதிபர் நியமித்த உறுப்பினர்களைக் கொண்ட தேசிய மாற்றுத்திறனாளிகள் மன்றம் 1986 பிப்ரவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டு, எல்லாத் துறைகளுக்கும் பொதுவான ஒரு சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அம்மன்றத்தின் வழக்கறிஞர் ராபர்ட் பர்க்டார்ஃப் முதல் மசோதாவை வரைந்தார்.

1988 ஏப்ரல் இறுதியில் செனட் சபையில் லோவெல் வைக்கரும், பிரதிநிதிகள் சபையில் டோனி கோயெலோவும் அதைத் தாக்கல் செய்தனர். கோயெலோ வலிப்பு நோய் உள்ளவர். அந்த மசோதா அவ்வாண்டு நிறைவேறவில்லை. 1989 மே 9ஆம் நாள் திருத்திய வடிவில் மீண்டும் வந்தபோது செனட்டில் அதைச் சுமந்தவர் டாம் ஹார்கின். அவருடைய அண்ணன் செவித்திறன் இல்லாதவர். 1988, 1989 ஆகிய இரு ஆண்டுகளின் வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், கோரிக்கை எப்படிச் சட்டமாக இறங்கி வந்தது என்பது தெரியும்.

மக்கள் எழுதிய தாள்கள்

1988இல் நாடாளுமன்ற உறுப்பினர் மேஜர் ஓவன்ஸ் ஒரு பணிக்குழுவை அமைத்தார். அதன் தலைவர் ஜஸ்டின் டார்ட். இளம்பிள்ளைவாதத்தால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர் அவர். பணிக்குழு 50 மாநிலங்களிலும் பொதுக்கூட்டங்கள் நடத்தியது. கூட்டத்துக்கு வந்தவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைக்கப்பட்டது: உங்களுக்கு நேர்ந்த பாகுபாட்டை எழுதித் தாருங்கள்.

எங்கே, எப்போது, யாரால், என்ன நடந்தது என்று ஆயிரக்கணக்கானோர் எழுதிக் கொடுத்தார்கள். வாக்குச்சாவடிப் படி, ஏற முடியாத பேருந்து, நேர்காணலில் திருப்பி அனுப்பப்பட்ட வேலை, நுழைய முடியாத நீதிமன்றம் எனப் பல வகை அனுபவங்கள் அதில் இருந்தன. டார்ட் அவற்றை நாடாளுமன்றத்திடம் ஒப்படைத்தார். அந்த நேரத்தில் பலர் இதை ஒரு பிரச்சார வேலையாகவே பார்த்திருக்கக்கூடும். அதன் மதிப்பு பின்னர்தான் தெரிந்தது.

பேரத்தில் போனதும் கிடைத்ததும்

1989இன் முதல் வடிவம், பாகுபாடு காட்டியவரிடமிருந்து பெரிய அளவில் இழப்பீடு கேட்க வழி செய்தது. வணிகர் அமைப்புகள் இதை எதிர்த்தன, வெள்ளை மாளிகையும் தயங்கியது. 1989 கோடையில் நடந்த பேச்சுகளில் ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. தண்டனை இழப்பீட்டை ஆதரவாளர்கள் விட்டுக்கொடுத்தனர். வேலைப் பாகுபாட்டுக்கு 1964ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த அதே தீர்வுகள் போதும் என்று ஏற்றனர்: வேலையைத் திரும்பப் பெறுதல், நிலுவைச் சம்பளம், நீதிமன்ற உத்தரவு. பதிலுக்கு, பொதுமக்கள் வந்துபோகும் தனியார் இடங்கள், சிறிய கடையாக இருந்தாலும், சட்டத்துக்குள் வர வேண்டும் என்பதை மறுதரப்பு ஏற்றது.

பழைய கட்டடங்களில் எளிதாகச் செய்யக்கூடிய மாற்றங்களை மட்டும் செய்தால் போதும் என்ற சலுகையும், மூன்று மாடிக்குக் குறைவான பல புதிய கட்டடங்களுக்கு மின்தூக்கி கட்டாயம் இல்லை என்ற விலக்கும் இத்தகைய விட்டுக்கொடுப்புகளே. பரப்பை விரித்து, தண்டனையைக் குறைத்த ஏற்பாடு என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். விட்டுக்கொடுத்தது என்றென்றைக்குமாகப் போய்விடவில்லை. 1991இல் வந்த மற்றொரு குடியுரிமைச் சட்டம், வேலைப் பாகுபாட்டு வழக்குகளில் இழப்பீட்டை உச்சவரம்போடு கொண்டுவந்தது.

1989 செப்டம்பர் 7ஆம் நாள் செனட் சபை மசோதாவை 76க்கு 8 என்ற கணக்கில் ஏற்றது. பிரதிநிதிகள் சபையில் நான்கு குழுக்கள் அதைத் தனித்தனியே ஆராய்ந்ததால் காலம் நீண்டது. 1990 மார்ச் 12ஆம் நாள் போராட்டக்காரர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் திரண்டனர். பலர் சக்கர நாற்காலியையும் ஊன்றுகோலையும் கீழே விட்டுவிட்டுப் படிக்கட்டில் தவழ்ந்து ஏறினர். அவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். மே 22ஆம் நாள் பிரதிநிதிகள் சபை 403க்கு 20 என்ற கணக்கில் மசோதாவை நிறைவேற்றியது.

உணவகத் திருத்தம்

இறுதிக் கட்டத்தில் ஒரே ஒரு திருத்தம் மசோதாவையே கவிழ்க்கப் பார்த்தது. எச்ஐவி போன்ற தொற்று உள்ள ஊழியரை உணவைக் கையாளும் வேலையிலிருந்து முதலாளி மாற்றலாம் என்றது அது. உணவு வழியாக எச்ஐவி பரவாது என்பது அப்போதே மருத்துவர்களுக்குத் தெரியும். ஆதரித்தவர்களின் வாதம் மருத்துவம் சார்ந்தது அல்ல. வாடிக்கையாளர் பயந்து வராமல் போவார் என்பதுதான். பிரதிநிதிகள் சபை 199க்கு 187 என்ற நூலிழை வேறுபாட்டில் அதை ஏற்றது.

மாற்றுத்திறனாளி அமைப்புகள் இந்த இடத்தில் உறுதியாக நின்றன. ஒரு பிரிவினரை வெளியே தள்ளிவிட்டு மற்றவர்கள் உள்ளே போவதில்லை என்றன. செனட்டர் ஆரின் ஹேட்ச் முன்வைத்த மாற்று யோசனை சிக்கலை அவிழ்த்தது. உணவு வழியாக உண்மையில் பரவும் நோய்களின் பட்டியலைச் சுகாதார அமைச்சர் வெளியிட வேண்டும், அந்தப் பட்டியல் மட்டுமே அளவுகோல் என்றது அது. அச்சத்தின் இடத்தில் அறிவியல் வந்தது. ஜூலை 12, 13 ஆகிய நாட்களில் இரு அவைகளும் இறுதி வடிவத்தை முறையே 377க்கு 28, 91க்கு 6 என்ற கணக்கில் ஏற்றன.

ஓர் எண் பறித்த உரிமை

சட்டத்தின் முகப்பில், நாட்டில் 43 மில்லியன் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. பிரச்சினையின் அளவைக் காட்டுவதற்காகச் சேர்த்த வரி அது. ஒன்பது ஆண்டுகள் கழித்து அதுவே வினையானது.

கடுமையான கிட்டப்பார்வை கொண்ட இரட்டைச் சகோதரிகள் ஒரு விமான நிறுவனத்தில் விமானி வேலைக்கு விண்ணப்பித்தனர். கண்ணாடி அணிந்தால் அவர்களுக்குப் பார்வை சரியாக இருக்கும். கண்ணாடி இல்லாத பார்வையைக் காட்டி நிறுவனம் வேலை மறுத்தது. 1999 ஜூன் 22ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராக 7க்கு 2 என்று தீர்ப்பளித்தது. கண்ணாடி, மருந்து போன்ற உதவிகளோடு சரியாகிவிடும் குறையைச் சட்டம் கணக்கில் கொள்ளவில்லை என்றது. அதற்கு நீதிமன்றம் காட்டிய முக்கியக் காரணங்களில் ஒன்று அந்த 43 மில்லியன். உதவி இல்லாத நிலையை வைத்து எண்ணினால் தொகை 160 மில்லியன்வரை போகும், எனவே நாடாளுமன்றத்தின் நோக்கம் குறுகியதே என்று நீதிபதிகள் கணக்குப் போட்டனர். எண் எங்கிருந்து வந்தது என்று தேட, 1980களின் மன்ற அறிக்கைகளையே அவர்கள் புரட்டினர்.

1989, 1990ஆம் ஆண்டுகளின் குழு அறிக்கைகள் இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருந்தன. உதவிக் கருவிகளைக் கணக்கில் எடுக்காமலேயே ஒருவரின் குறையை மதிப்பிட வேண்டும் என்று அவற்றில் தெளிவாக இருந்தது. சட்ட வாசகமே தெளிவாக இருப்பதால் அறிக்கைகளைப் பார்க்கத் தேவையில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டனர். மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர்கள் அந்த அறிக்கைகளையே எடுத்துக்காட்டினர். இதைச் சரிசெய்ய நாடாளுமன்றம் 2008இல் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. செப்டம்பர் 25ஆம் நாள் இளைய புஷ் அதில் கையெழுத்திட்டார். 43 மில்லியன் என்ற வரி நீக்கப்பட்டது.

கடிதங்கள் நீதிமன்றம் ஏறின

டார்ட் சேர்த்த தாள்களின் முறை 2001இல் வந்தது. மாநில அரசுகளின் மீது ஊழியர்கள் இழப்பீட்டு வழக்குப் போடலாமா என்பது கேள்வி. மாநிலங்கள் பாகுபாடு காட்டின என்பதற்குப் போதிய ஆதாரம் நாடாளுமன்றத்தின் முன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என முடிவெடுத்தது. மாறுபட்ட நீதிபதி ஸ்டீஃபன் பிரையர் தம் தீர்ப்புக்குப் பின்னிணைப்பாகப் பணிக்குழுவுக்கு வந்த முறையீடுகளை மாநில வாரியாகப் பட்டியலிட்டுப் பக்கம் பக்கமாக அடுக்கினார். அவை பணிக்குழுவுக்குத் தரப்பட்டவை, நேரடியாக நாடாளுமன்றத்துக்குத் தரப்பட்டவை அல்ல என்று பெரும்பான்மையினர் அவற்றின் எடையைக் குறைத்தனர்.

மூன்று ஆண்டுகளில் காற்று மாறியது. டென்னசி மாநிலத்தில் கால்கள் செயலிழந்த ஒருவர், தம் வழக்குக்காக இரண்டாம் மாடி நீதிமன்ற அறைக்குத் தவழ்ந்து ஏற வேண்டியிருந்தது. மறுமுறை தவழ மறுத்தபோது, வரவில்லை என்று கைது செய்யப்பட்டார். 2004 மே 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என அவர் பக்கம் நின்றது. நீதிமன்றங்களுக்குள் நுழைய முடியாத அவலம் பற்றிப் பணிக்குழு கேட்டறிந்த சாட்சியங்களை இம்முறை பெரும்பான்மைத் தீர்ப்பே ஆதாரமாக எடுத்துக்கொண்டது. 1988இல் யாரோ ஒரு சிற்றூர்க் கூட்டத்தில் எழுதிக் கொடுத்த தாள், 16 ஆண்டுகள் கழித்து இன்னொருவரின் வழக்கில் எடை சேர்த்தது.

நம் நாட்டுச் சட்டத்தின் தடம்

மலேசியாவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008, 685ஆம் சட்டம் எனப்படுவது. 2007 டிசம்பரில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. 2008 ஜனவரி 9ஆம் நாள் மாமன்னரின் ஒப்புதல் கிடைத்தது. ஜனவரி 24இல் அரசிதழில் வெளியாகி, ஜூலை 7இல் அமலுக்கு வந்தது. ஐக்கிய நாட்டுச் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்தில் மலேசியா 2008 ஏப்ரல் 8இல் கையெழுத்திட்டு, 2010 ஜூலை 19இல் உறுதி செய்தது. நம் சட்டத்தில் மாற்றுத்திறனாளி யார் என்று கூறும் விளக்கம் அந்த ஒப்பந்தத்தின் மொழியை ஒட்டியே அமைந்துள்ளது.

26ஆம் பிரிவு பொது இடங்கள், 27 பொதுப் போக்குவரத்து, 28 கல்வி, 29 வேலைவாய்ப்பு பற்றிப் பேசுகின்றன. அமெரிக்கச் சட்டத்தின் பேரத்தைப் படித்தவர்கள் அடுத்துப் பார்க்க வேண்டியவை 41, 42 ஆகிய பிரிவுகள். அவற்றில் ஒன்று, 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டத்தை இங்கேயும் பொருத்துகிறது. மற்றொன்று, நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்கோ செய்யாமல் விட்டதற்கோ அரசாங்கத்தின் மீதும் அமைச்சர் மீதும் வழக்குத் தொடர முடியாது என்கிறது. 2008இல் வந்த வடிவில், பொது இடத்தில் சாய்தளம் கட்டாதவருக்கோ வேலை மறுத்தவருக்கோ இவ்வளவு அபராதம் என்று இப்பிரிவுகள் எதுவும் சொல்லவில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவு சமயம், இனம், பரம்பரை, பிறந்த இடம், பால் ஆகியவற்றின் பேரால் பாகுபாட்டைத் தடுக்கிறது. பால் என்ற சொல் 2001இல்தான் சேர்க்கப்பட்டது. உடற்குறை அதில் இல்லை.

அந்தப் பாதுகாப்புப் பிரிவுகள் ஏன் வந்தன, யார் கேட்டார்கள் என்பதை அமெரிக்காவில் போல் தேடிப் படிப்பது இங்கே கடினம். அமைச்சரவை ஆவணங்களும் அதன் முடிவுகளும் 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் அட்டவணையிலேயே இரகசியம் எனப் பட்டியலிடப்பட்டுள்ளன. திறந்திருப்பது ஹன்சார்ட் எனப்படும் நாடாளுமன்ற விவாதப் பதிவு. மலாய் மொழியில் இருக்கும் அதை நாடாளுமன்ற இணையப் பக்கத்தில் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். 2007 டிசம்பர் மாத அமர்வுகளைத் திறந்து, இரண்டாம் வாசிப்பில் அமைச்சர் மசோதாவை விளக்கிய பகுதியையும், குழு நிலையில் பிரிவு வாரியாக நடந்ததையும் தேட வேண்டும். மசோதாவின் அச்சிட்ட வடிவத்தை அரசிதழில் வந்த சட்டத்தோடு ஒப்பிட்டால் மாறிய சொற்கள் கண்ணில் படும்.

எழுதி வைப்பதன் பலன்

இந்த ஆவணங்கள் தோட்டப்புறத்திலும் நகரிலும் உள்ள குடும்பங்களுக்குச் சொல்லும் பாடம் எளிமையானது. ஏற முடியாத பேருந்து, சாய்தளம் இல்லாத மருந்தகம், பள்ளியில் மறுக்கப்பட்ட இடம் ஆகியவை பற்றி வாய்மொழியாகச் சொல்லும் புகார் அன்றோடு முடிந்துவிடும். நாள், நேரம், இடம், யாரிடம் பேசினோம், என்ன பதில் வந்தது என்று எழுதி, ஊராட்சி மன்றத்துக்கோ சமூக நல இலாகாவுக்கோ அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொண்டால் அது ஆவணமாகிறது. தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். அவர் அதை அவையில் கேள்வியாக எழுப்பினால் ஹன்சார்டில் ஏறும். சட்டம் அடுத்த முறை திருத்தத்துக்கு வரும்போது அதைக் கையில் எடுத்துக் காட்ட முடியும்.